பன்னிரண்டு வோல்ட் செனோன்

பேட்டரிக்குப் பீர் ஊற்றியதுதான் நாங்கள் செய்த முதல் குற்றம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சோராகாலா சுரங்க ஊரின் ஒரே ஆம்புலன்ஸுக்குப் புது பேட்டரி மாட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும், அது வீடோ வண்டியோ தையல் மெஷினோ, பூமித்தாய்க்குப் பங்கு கொடுத்துச் சால்யா என்ற சடங்கு செய்யாமல் யாரும் உபயோகிக்க மாட்டார்கள். டிரைவர் பாஸ்குவால் ஒரு குறையும் வைக்கவில்லை. நாலு மூலையிலும் தொண்ணூற்றாறு டிகிரி சாராயம். உச்சந்தலையில் ஒரு பாட்டில் பீர். அதன்மேல் கை நிறைய வண்ணக் காகிதத் தூள். பாசிட்டிவ் முனையில் ஒரு காகித மாலை. கடைசியில் ஒரு சரம் வெடி.

புகை விலகியபோது பேட்டரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த சதுரக் குறியீடு மட்டும் சாராயத்தில் கரைந்து கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், அது என்ன வழியுது?" என்று கேட்டாள் நர்ஸ் நில்டா.

"சந்தோஷத்துல அழுவுது" என்றான் பாஸ்குவால்.

அந்தக் குறியீட்டைப் போனில் படம் பிடித்தால்தான் பேட்டரி பதிவாகும் என்பது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

தேசிய மின்கலப் பதிவகம் பிறந்து மூன்று வருடம் ஆகிறது. எந்த வண்டியில் பேட்டரி மாற்றினாலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போனிலேயே பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால், எஞ்சினுக்குப் பக்கத்தில் பதிவகம் பொருத்தியிருக்கும் 'காவலன்' என்ற டப்பா வண்டியை நிறுத்திவிடும். எதற்காக இதெல்லாம் என்று சிலர் கேட்டார்கள். அவர்களுடைய வண்டிகளும் நின்றன.

செயலிகள் மொத்தம் மூன்று. முதல் செயலி, நீங்கள் நீங்கள்தான் என்று சொல்லும். இரண்டாவது, முதல் செயலி பொய் சொல்லவில்லை என்று சொல்லும். மூன்றாவதில்தான் பேட்டரிக்கு இடம். அதற்கும் முன்னால் மஞ்சள் ஃபோல்டர்.

எங்கள் நாட்டில் பிறப்பானாலும் சாவானாலும் விண்ணப்பம் மஞ்சள் ஃபோல்டரில்தான் போயாக வேண்டும். காகிதத்தையே ஒழிப்பதற்காக வந்த செயலியும் அந்த மரியாதையைக் கைவிடவில்லை. காலி ஃபோல்டர் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது. பாஸ்குவால் சனிக்கிழமை வீட்டுக்குள் விளக்கடியில் வைத்து எடுத்தான். 'உங்கள் ஃபோல்டர் ஆரஞ்சு நிறத்தில் உள்ளது' என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிக்னலுக்காக மலையேறி, வெயிலில் வைத்து எடுத்தான். 'உங்கள் ஃபோல்டர் வெள்ளை.' மூன்றாவது தடவை தன் தொப்பியால் நிழல் கொடுத்து எடுத்தான். 'மஞ்சள். நன்றி. இப்போது பேட்டரியின் குறியீடு.'

குறியீட்டைக் காட்டினான்.

'தெளிவாக இல்லை. பேட்டரியை அசையாமல் நிற்கச் சொல்லவும்.'

திங்கட்கிழமை விடிந்தபோது மேற்படி பேட்டரி அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தது. காலை பதினொரு மணியோடு கெடு முடிகிறது.

ஒன்பது மணிக்கு மூன்றாம் சுரங்கத்தில் ஒரு விவாதம். பாறைக்குள் ஓடும் வெள்ளீய நரம்பு எங்கள் கூட்டுறவுக்குச் சொந்தமா, பக்கத்து ஊர்க் கூட்டுறவுக்குச் சொந்தமா என்பது பொருள். இரண்டு தரப்பும் தங்கள் வாதங்களை டைனமைட் குச்சிகளாக முன்வைத்தன. மூன்று மூக்கு, ஒரு தாடை, பதினோரு பல் என்ற கணக்கோடு விவாதம் முடியும் நேரத்தில், தண்டவாளத் துண்டு ஒன்று பறந்து வந்து செனோன் உவராச்சியின் வலது தொடைக்குள் ஒரு சாண் இறங்கி நின்றது.

செனோன், பாஸ்குவாலின் கொம்பாத்ரே. அதாவது பாஸ்குவாலின் மகளுக்கு ஞானத்தகப்பன். இருபது வருடச் சிநேகிதம். ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதில் ஆளுக்கொரு பல் போயிருக்கிறது. அவ்வளவு நெருக்கம்.

முதலுதவி நிலையத்தில் கட்டுத்துணி தீர்ந்து இரண்டு மாதம். குறியீடு அச்சடித்த நோயாளிக் கைப்பட்டைகள் மட்டும் நானூறுக்கு மேல் இருந்தன. சுகாதார இலாகா அதை மட்டும் தவறாமல் அனுப்பிவந்தது. நில்டா தன் சால்வையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினாள். பிறகு விதிப்படி ஒரு கைப்பட்டையை எடுத்து, செனோனின் பெயரை ஏற்றி, மணிக்கட்டில் மாட்டினாள்.

"இது எதுக்குத் தாயி?" என்றான் செனோன்.

"நீ செத்துப்போனா யாருன்னு தெரியணுமில்ல."

"என்னைத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? பாதிப் பேர் பல்லை ஒடைச்சதே நான்தான்."

நில்டா பாஸ்குவாலைத் தனியே இழுத்தாள். "ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஓரூரோ டவுன் ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தணும், மாஸ்டர். இல்லேன்னா உன் பொண்ணுக்கு வேற ஞானத்தகப்பன் தேடணும்."

"வண்டி பதினொண்ணுக்கு நின்னுடும், நில்டா."

"இப்ப மணி என்ன?"

"ஒன்பது ஐம்பது."

"அப்ப என் மூஞ்சியைப் பாத்துட்டு ஏன்யா நிக்கறே? ஓட்டு."

ஓட்டினான். சமவெளியின் குளிர்காற்றில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பறந்தது. குறுக்கே வந்த யாமா மிருகம் ஒன்று காரித் துப்பிவிட்டு விலகியது. பத்து ஐம்பத்தெட்டுக்கு ஓரூரோவின் அகலமான சாலைக்குள் நுழைந்தார்கள். ஆஸ்பத்திரி இன்னும் நாலு தெரு. நெருக்கிப் போனால் மூன்று நிமிடம்.

அந்தச் சாலையில்தான் தேசிய மின்கலப் பதிவகத்தின் மண்டலத் தலைமையகம் இருந்தது.

அன்றைக்கு அதை இழுத்து மூடச் சொல்லி டிரைவர்கள் சங்கம் ஊர்வலம் வந்திருந்தது. இடது பக்கம் டிரைவர்கள்: கவண்கல், எரியும் டயர், டைனமைட். வலது பக்கம் போலீஸ்: கேடயம், ரப்பர் குண்டு, கண்ணீர்ப் புகை. நடுவில் ஐம்பது அடிக்கு ஆளே இல்லாத தார்ச்சாலை. பாஸ்குவால் அந்த ஐம்பது அடிக்குள் நுழைந்தபோது கடிகாரம் பதினொன்றைத் தொட்டது.

எஞ்சின் நின்றது.

டப்பாவிலிருந்து ஒரு பெண் குரல் தேனாக ஒழுகியது. "இனிய காலை வணக்கம். இந்த பேட்டரி யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களோடு நான் பயணம் செய்வதில்லை. உங்கள் பாதுகாப்புக்காகப் பின்கதவு பூட்டப்படுகிறது."

டக்கென்று சத்தம். பின்னால் நில்டாவும் செனோனும் அடைபட்டார்கள். டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கையகல ஜன்னல் மட்டும் மிச்சம்.

"மாஸ்டர், கட்டு நனைஞ்சு சொட்டுது" என்றது ஜன்னல்.

பாஸ்குவால் போனை எடுத்தான். செயலி அவனை மறக்கவில்லை.

'பேட்டரியின் மீது ஏதேனும் திரவம் பட்டதா?'

'ஆம்.'

'தண்ணீரா, மதுவா?'

'மது.'

ஒரு கவண்கல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது.

'மகிழ்ச்சியில் ஊற்றினீர்களா, துயரத்திலா?'

'மகிழ்ச்சி' என்பதைத் தொட்டான். ஒரு டைனமைட் வெடித்ததில் வண்டி குலுங்கி, இரண்டு முறை தொட்டுவிட்டான்.

'மிகுந்த மகிழ்ச்சி. பதிவு செய்துகொண்டோம். உங்கள் பேட்டரி காயமடைந்துள்ளது. எங்கள் அவசரப் பிரிவு புறப்பட்டுவிட்டது.'

செயலி சொன்னது பொய்யில்லை. இரண்டாவது நிமிடம் பதிவகத்தின் இரும்பு வாசல் திறந்தது. வெள்ளைத் தலைக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்ட ஆறு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் சலவை செய்த விரிப்பு, ஒரு குட்டித் தலையணை. பதினொரு மணி, கறி அடைத்த சால்தேன்யா தின்னும் நேரம் என்பதால் ஆறு முகவாயிலும் கறிச்சாறு வழிந்துகொண்டிருந்தது. வழியில் ஒருவன் பொட்டில் கல் பட்டு மல்லாந்தான். மற்ற ஐந்து பேரும் அவனைப் பத்திரமாகத் தாண்டி வந்தார்கள்.

முன்னால் வந்தவர் இன்ஸ்பெக்டர் சாலினாஸ். "நோயாளி எங்கே?" என்றார்.

பாஸ்குவாலுக்கு உயிர் வந்தது. "பின்னாடி சார். தொடைல இரும்பு. கதவை மட்டும் திறந்துவிடுங்க, அந்த ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டுட்டு நாலு தெரு ஓடிடலாம்."

"நான் பேட்டரியைக் கேட்டேன்."

"ஒரு மனுஷன் செத்துட்டிருக்கான் சார்."

"அவர் மறுபடி சார்ஜ் ஏறுற வகையா?"

"ரத்தம் ஏத்தினா எந்திரிச்சிடுவான்."

"ரத்தம் வேற இலாகா" என்றார் சாலினாஸ் வருத்தத்தோடு. முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "யார் இந்தக் கொடுமையைப் பண்ணினது?"

அந்த நேரத்தில் பதிவகத்தின் பால்கனியில் ஒலிபெருக்கி கரகரத்தது. மண்டல இயக்குநர், இன்ஜினியர் ஒவிடியோ பராகான், கையில் பாதி சால்தேன்யாவுடன் காட்சி தந்தார்.

"பொதுமக்களே, அமைதி காக்க வேண்டும். பதிவகம் தோன்றிய மூன்று ஆண்டுகளில் இந்த நாட்டில் ஒரு பேட்டரிகூட அநாதையாக இறந்ததில்லை. எங்கள் வரிசைகளில் நாற்பத்தொரு மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் அவரவர் இடத்திலேயே இறந்தார்கள். வரிசை கலையவில்லை."

டிரைவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கல் வந்து பால்கனிக் கம்பியில் பட்டுத் தெறித்தது.

"இந்தக் கல்லை எறிந்தவர் இதைப் பதிவு செய்திருக்கிறாரா? இல்லை. இதுதான் நம் சமூகத்தின் நோய். சட்டம் எல்லோருக்கும் ஒன்று. என் சொந்த மாமியாரின் நெஞ்சில் இதயத்தை ஓட்டும் கருவி இருந்தது. அதற்குள் ஒரு பேட்டரி. பதியவில்லை. நான் தயங்கினேனா? எழுபத்திரண்டாவது மணி நேரம் முடிந்தது, நிறுத்தினேன். என் மனைவி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஒரு நேர்மையான அதிகாரிக்கு வீட்டில் கிடைக்கும் அமைதியை நான் அனுபவித்துவருகிறேன்."

ஐந்து ஜோடிக் கையுறைகளும் கைதட்டின.

சாலினாஸ் பேட்டரியைப் பிடித்திருக்கும் கவ்வியைக் கழற்ற ஆரம்பித்தார். பாஸ்குவால் அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு கையுறைக்காரன் தடியால் பாஸ்குவாலின் தாடையில் போட்டான். மிச்சமிருந்த முன்பல்லில் ஒன்று கழன்று விழுந்தது. பாஸ்குவால் இருக்கைக்கடியில் கைவிட்டு வீல் ஸ்பானரை உருவினான். முதல் வீச்சு தடிக்காரனின் முழங்கையில். அது வேறு திசையில் மடங்கியது. இரண்டாவது வீச்சு சாலினாஸின் மூக்கில். அதுவும் வேறு திசையில் மடங்கியது. மூன்று பேர் சேர்ந்து அவனைச் சாலையில் குப்புறத் தள்ளி, ஒருவன் முதுகில் ஏறி நின்றான். போலீஸும் டிரைவர்களும் தங்கள் சண்டையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தார்கள்.

சாலினாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குரல் உயரவில்லை. "குறியீடு அழிஞ்ச பேட்டரியை வெச்சிருக்கறது கடத்தல். மூணு நிமிஷம் தர்றேன். ஆப்ல தெளிவான குறியீடு காட்டினா விட்டுடறேன். இல்லேன்னா பேட்டரியை நசுக்கற ஆலைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். வண்டி இங்கேயே கிடக்கும்."

வண்டி இங்கேயே கிடந்தால் செனோனும் இங்கேயே கிடப்பான். பாஸ்குவால் முதுகில் நின்றவனைப் புரட்டித் தள்ளிவிட்டு, கதவைப் பிடித்து ஏறி, கையகல ஜன்னல் வழியாகப் போனை உள்ளே எறிந்தான்.

"நில்டா, எதையாச்சும் காட்டு. தெளிவா எதையாச்சும்."

உள்ளேயிருந்து செனோனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "கொம்பாத்ரே, என்னய்யா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. பேட்டரியைப் பதியறேன்."

"இன்னுமா?"

நில்டாவின் கையில் செயலி கண் சிமிட்டியது. 'தெளிவான குறியீட்டைக் காட்டவும். இரண்டு நிமிடம்.' அவள் சுற்றிலும் பார்த்தாள். காலி மருந்துப் பெட்டி. ரத்தத்தில் ஊறிய சால்வை. பலகையிலிருந்து தொங்கும் செனோனின் கை. அந்த மணிக்கட்டில், ஒரு சொட்டு ரத்தம்கூடப் படாமல், கறுப்பும் வெள்ளையுமாக, அச்சகத்திலிருந்து இப்போதுதான் வந்தது போல ஒரு சதுரம்.

போனை அதன்மேல் பிடித்தாள்.

'மிகத் தெளிவு. நன்றி. பேட்டரியின் பெயர் செனோன் உவராச்சி. சரியா?'

'சரி.'

'கசிவு உண்டா?'

'உண்டு.'

'எந்தப் பக்கம்?'

'வலது.'

'தொட்டால் சூடாக இருக்கிறதா?'

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். 'ஜில்லென்று இருக்கிறது.'

'மகிழ்ச்சி. குளிர்ந்த பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். எத்தனை வோல்ட்?'

"செனோன், நீ எத்தனை வோல்ட்டு?"

"என்ன எழவோ, பன்னெண்டுன்னு போட்டுக்க" என்றுவிட்டு செனோன் கண்ணை மூடினான்.

'பன்னிரண்டு வோல்ட் செனோன் உவராச்சி பதிவு செய்யப்பட்டார். ஆயுள் பதினெட்டு மாதம். வாழ்த்துகள்.'

வெளியே சாலினாஸின் போன் கிணுகிணுத்தது. படித்தார். மறுகணம் நிமிர்ந்து நின்றார். முகமே வேறாகிவிட்டது. தான் தளர்த்திய கவ்வியைத் தானே முடுக்கினார். முன்மூடியைச் சாத்தி, அதன்மேல் சொட்டியிருந்த தன் ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"பதிவாயிடுச்சு சார். நீங்க புறப்படலாம். அடிச்சதுல ஏதாவது வலிச்சிருந்தா ஆப்ல புகார் கொடுக்க வசதி இருக்கு."

பால்கனியிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. "பதிவு பெற்ற பேட்டரி வருகிறது. வழி விடுங்கள்."

போலீஸ் வரிசை திரைச்சீலை போல விலகியது. பாஸ்குவால் சாவியைத் திருகினான். சாலையின் நடுவே இன்னும் மல்லாந்து கிடந்த ஆறாவது கையுறைக்காரனைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பாய்ந்தது. பின்னால் வரிசை மூடிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து அடிதடி தொடர்ந்தது.

செனோன் பிழைத்தான். தண்டவாளத் துண்டை டாக்டர் அவனிடமே கொடுத்துவிட்டார். அதைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வைத்துக்கொண்டான். வலது கால் இழுத்து நடக்கும். மற்றபடி கைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

பதினெட்டு மாதம் ஆம்புலன்ஸ் ஒழுங்காக ஓடியது. பத்தொன்பதாவது மாதத்தின் முதல் நாள் காலை, அது நின்றது. போனில் செய்தி. 'உங்கள் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. நசுக்குவதற்கு ஒப்படைக்கவும். எங்கள் அதிகாரி வருகிறார்.'

மதியம் வந்து இறங்கியவர் சாலினாஸ். மூக்கு இன்னும் கோணல். கூடவே ஒரு தள்ளுவண்டி, இரண்டு ஆட்கள், ஒரு மீட்டர். ஊரே ஆம்புலன்ஸைச் சுற்றிக் கூடியது.

"செனோன் உவராச்சி யாரு?"

கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த செனோன் கையைத் தூக்கினான். சாலினாஸ் வணக்கம் சொல்லிவிட்டு, சிவப்புக் கவ்வியை அவனுடைய வலது காதிலும் கறுப்புக் கவ்வியை இடது காதிலும் மாட்டினார். மீட்டரைப் பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார். "இறந்துட்டார். தூக்கி வண்டியில வைங்க."

"யாருய்யா இறந்தது?" என்றான் செனோன்.

"எதுவா இருந்தாலும் நசுக்கற ஆலையில பேசிக்கலாம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நில்டா முன்னால் வந்தாள். கையில் பதிவகத்தின் விதிப்புத்தகம். பதினெட்டு மாதமாக அவள் அதைப் படித்திருக்கிறாள். "இருங்க சார். பூஜ்யம் காட்டினாலும், சுமை கொடுத்துப் பாக்காம இறந்ததா அறிவிக்கக் கூடாதுன்னு முப்பத்தாறாம் விதி. சுமை கொடுத்தீங்களா?"

சாலினாஸ் புத்தகத்தை வாங்கிப் படித்தார். விதி என்றால் அவருக்கு உயிர். "இருக்கு. தப்பு என் மேலதான்." செனோன் பக்கம் திரும்பினார். "இப்ப நான் உங்க மேல சுமையைக் கொடுப்பேன். நீங்க உங்க திறனைக் காட்டணும்."

சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் செனோனின் நெஞ்சில் வைத்து அழுத்தித் தள்ளினார்.

செனோன் திறனைக் காட்டினான்.

சாலினாஸ் தள்ளுவண்டியைத் தாண்டிப் போய் விழுந்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு இரண்டு பற்களை உள்ளங்கையில் துப்பி, சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, படுத்தபடியே போனை எடுத்தார். எழுதியதை வாய்விட்டுச் சொன்னார்.

"சுமைச் சோதனை, தேறியது. திறன், சிறப்பு. ஆயுள், இன்னும் பதினெட்டு மாசம்."

டப்பாவின் தேன் குரல் இனிய மதிய வணக்கம் சொன்னது. பாஸ்குவால் சாவியைத் திருகினான். ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஊர் முதலில் செனோனின் கையைப் பார்த்தது. பிறகு சாலினாஸின் முகத்தைப் பார்த்தது. கடைசியில் நில்டாவின் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தது.

"புதுசா பதியற பேட்டரிக்கு முதல் சுமைச் சோதனை உடனே உண்டு, கேட்டா மறுக்கக் கூடாது" என்று நில்டா யாரையும் பார்க்காமல் படித்தாள். "முப்பத்தேழாம் விதி."

முதலுதவி நிலையத்திலிருந்த நானூறு கைப்பட்டைகளும் அன்று மாலைக்குள் தீர்ந்தன.

மறுநாள் காலை சாலினாஸ் வீங்கிய வாயோடு, இரவு தங்கிய விடுதியின் கதவைத் திறந்தார். வாசலில் தொடங்கிய வரிசை மாதா கோயிலைச் சுற்றி, சந்தையைத் தாண்டி, மூன்றாம் சுரங்கம் வரை நின்றது. பக்கத்து ஊர்க் கூட்டுறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் முந்தவில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சதுரக் குறியீடு. ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு ஃபோல்டர்.

முதல் ஆள் பாஸ்குவால். முன்பல் இல்லாத வாயால் வணக்கம் சொல்லி ஃபோல்டரை நீட்டினான். சாலினாஸ் அதை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி நிதானமாகப் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் அந்த இரண்டு பற்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அடுத்தவங்க தயாரா இருங்க."